எல்போ பேட்: வளர்த்திக்கு வாங்காதீர்கள்

டொராண்டோ வட்டாரத்தில் ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்கும்போது, முதல் முறையாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர் ஹெல்மெட்டுக்கும் ஸ்கேட்டுக்கும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, எல்போ பேடை (முழங்கைக் காப்பை) மட்டும் கடையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் கூடையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் வாங்கினேன் என்பதால், அந்தக் கூடைக்குள் என்ன இருக்கும் என்பது பார்க்காமலே எனக்குத் தெரியும். ஸ்கார்பரோவில் சிறுவர் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கும் எனக்கு, உடை மாற்றும் அறையில் மண்டியிட்டுப் பிள்ளைகளின் பட்டைகளைச் சரிசெய்து விடுவதே பாதி வேலை. இடது வலது மாற்றிப் போடுவது, ஜெர்சிக்கு மேலே மாட்டிக்கொள்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரே பயிற்சியில் திருந்திவிடும். சீசன் முடிந்தும் திருந்தாத தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

## ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது

எத்தனை முறை சொல்லியும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற பொறுப்பான பெற்றோர். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கும்போது "வளர்ற பிள்ளை, கொஞ்சம் வளர்த்திக்கு விட்டுத் தைங்க" என்று தையற்காரரிடம் சொல்லிப் பழகிய வாய், இங்கே விளையாட்டுச் சாமான் கடையிலும் அதையே சொல்கிறது. சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்ப்பதற்குத்தான் நன்றாக இருக்காது. எல்போ பேட் அப்படி இருந்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

எல்போ பேடின் நடுவில், முழங்கையின் கூர்முனை போய் உட்கார்வதற்கென்றே ஒரு குழிவு இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் கடினமான மூடியும் உட்பக்கம் நுரைப் பஞ்சும் இருக்கும். அடி விழும்போது மூடி அந்த விசையைப் பரப்பிவிட, நுரை மிச்சத்தை வாங்கிக்கொள்ள, எலும்பின் முனைக்கு நேரடியாக எதுவும் போய்ச் சேராது. பெரிய சைஸில் இந்த ஏற்பாடு முழுவதும் இடம் மாறிவிடுகிறது. நாலைந்து சுற்று ஸ்கேட் செய்து வருவதற்குள் பேட் வியர்வையில் வழுக்கி மணிக்கட்டை நோக்கி இறங்கும், அல்லது கையைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். பிள்ளை விழுகிற நேரத்தில் குழிவு முன்கையில் இருக்கும், முழங்கை வெறும் துணியில் இருக்கும். முழங்கையின் பின்முனையில் தசையோ கொழுப்போ கிடையாது. தோலுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நீர்ப்பை ஒன்றுதான் உண்டு. அடிபட்டால் அது நீர்கோத்து வீங்கிக்கொள்ளும். சற்றே உட்புறமாக, எலும்புப் பள்ளத்தில் அல்நார் நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. அதில் இடி விழுந்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் சுரீரென்று மரத்துப்போய், ஸ்டிக்கைப் பிடிக்கவே முடியாது.

எங்கள் அணிக்கு வந்த ஒரு பையனுக்கு, ஜூனியர் சைஸில் ஸ்மால் பொருந்தியிருக்கக்கூடிய கைக்கு, மீடியத்தில் அதுவும் விலை கூடிய மாடலாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தார்கள். முதல் பயிற்சியிலிருந்தே அவன் தன் முறைக்காக வரிசையில் நிற்கும்போதெல்லாம் க்ளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜெர்சிக் கைக்குள் விரலை விட்டுப் பேடை மேலே இழுத்துவிட்டபடி இருந்தான். அவனுடைய அப்பாவிடம் சொன்னேன். "காசு கொடுத்து வாங்கினது அண்ணா, ரெண்டு சீசனாவது வர வேண்டாமா?" என்றார். சில வாரங்கள் கழித்து, பின்னோக்கி ஸ்கேட் செய்யும் பயிற்சியில் பையன் கால் இடறி மல்லாக்க விழுந்தான். புதிதாகக் கற்கிறவர்கள் பின்னால் சாயும்போது கையை மடக்கி முழங்கையைத்தான் ஊன்றுவார்கள். தூக்கி உட்காரவைத்து ஜெர்சியைச் சுருட்டிப் பார்த்தால், பேடின் மூடி கையின் உட்பக்கமாகத் திரும்பியிருந்தது. முழங்கை நுனி அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆனால் வீக்கம் வடிந்து அவன் மறுபடி ஐஸில் இறங்குவதற்குள் பல ஆட்டங்கள் போய்விட்டன. அவனுடைய அப்பா சரியான சைஸில் இன்னொரு ஜோடி வாங்கினார். மிச்சம் பிடிக்க நினைத்த இடத்தில் இரட்டைச் செலவு.

அடிபட்டால் பெற்றோருக்குத் தெரிந்துவிடும். தெரியாமலே நடக்கிற இன்னொரு நஷ்டம்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிறது. தொளதொளப்பான பேடைப் போட்ட பிள்ளை, அது நழுவாமல் இருக்கத் தன்னையறியாமலே முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. ஸ்டிக்கின் மேல்நுனியைப் பிடித்திருக்கும் கை உடம்பை விட்டு விலகி, மார்புக்குக் குறுக்கே தாராளமாகப் போய்வந்தால்தான் பக்கை (ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டை) கட்டுப்படுத்த முடியும். பயிற்சியாளர்கள் "முழங்கையை வெளியே எடு" என்று சீசன் முழுக்கக் கத்துகிறார்கள். பிள்ளைக்கும் ஏன் தன்னால் முடியவில்லை என்று சொல்லத் தெரிவதில்லை. இரண்டு வருடம் உழைக்கும் என்று வாங்கிய பேட், அந்த இரண்டு வருடமும் ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கிறது.

யூத், ஜூனியர், சீனியர் என்ற பிரிவுகளும் அவற்றுக்குள் வரும் ஸ்மால், மீடியம், லார்ஜும் தோராயமானவை. ஒரு பிராண்டின் மீடியம் இன்னொன்றின் மீடியத்தைவிட நீளமாக இருப்பது சாதாரணம். ஆகவே வயதைச் சொல்லிக் கேட்காமல் கையில் போட்டுப் பாருங்கள். கையை மடக்கச் சொல்லி, எலும்பின் முனை குழிவின் நடுவே இருக்கிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். பட்டைகளைச் சாதாரணமாக ஒட்டிவிட்டு, மூடியைப் பிடித்துத் திருப்புங்கள். தோலும் சேர்ந்து அசைந்தால் சரி, பேட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரியது. பிறகு கையைத் தொங்கவிட்டு நன்றாக உதறச் சொல்லுங்கள். அரை அங்குலம் இறங்கினாலும் அந்த ஜோடியை அலமாரியிலேயே வைத்துவிடலாம். கை இரண்டு சைஸுக்கு நடுவே இருந்தால் நான் முதலில் சிறியதைத்தான் போட்டுப் பார்ப்பேன். முன்கையை மறைக்கும் அளவு நீளம் இருந்துவிட்டால் அதையே எடுப்பேன்.

## பேடை மட்டும் தனியாகப் போட்டுப் பார்ப்பது

எல்போ பேட் நடுவில் வரும் சாமான். மேலே ஷோல்டர் பேட், கீழே க்ளவுஸ். இந்த இரண்டும் விட்ட இடத்தை நிரப்புவதற்குத்தான் அது இருக்கிறது. எனவே கடைக்குப் போகும்போது அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஷோல்டர் பேடின் மேற்கைக் காப்பு எங்கே முடிகிறதோ அங்கே எல்போ பேட் தொடங்க வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், கையை உயர்த்தும்போது ஷோல்டர் பேடே மேலே தள்ளப்பட்டுக் கழுத்தை இடிக்கும். கீழே முன்கைப் பகுதி க்ளவுஸின் விளிம்பை ஏறத்தாழத் தொட வேண்டும். இப்போது பலர் விரும்பி வாங்கும் க்ளவுஸ்களின் விளிம்பு குட்டையாக இருப்பதால், அதற்கு ஏற்ப நீண்ட முன்கைப் பகுதி உள்ள பேட் தேவைப்படும். எதிராளியின் பக்கைத் தட்டிவிட ஒற்றைக் கையை நீட்டும்போது மணிக்கட்டுக்கு மேலே திறந்துகொள்ளும் இரண்டு விரல் இடைவெளியில்தான் ஸ்டிக் வந்து விழும். அங்கே வெறும் தோலும் எலும்பும்தான்.

போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று கண்ணாடியைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. முட்டியை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் வைத்து, ஆடும் நிலையில் நிற்கச் சொல்லுங்கள். ஷாட் அடிப்பதுபோல் வீசச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை வாய்வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். அதற்குள் முழங்கையின் உள்மடிப்பில் எங்காவது பேட் கடித்தால் ஆட்டத்திலும் கடிக்கும். "போடப் போடப் பழகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது நுரைக்கு ஓரளவு உண்மை, பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது.

## தடிமனாக இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது

எந்த அளவு ஆட்டத்துக்கு வாங்குகிறோம் என்பதைப் பார்க்காமல், அலமாரியில் இருப்பதிலேயே முரட்டுத்தனமான பேடை எடுப்பவர்கள் உண்டு. நாட்டின் ஹாக்கி அமைப்பான ஹாக்கி கனடா 2013-இல் 11, 12 வயதுப் பிரிவில் உடலால் மோதித் தடுப்பதை நாடு முழுவதும் நிறுத்தியது. அதற்குக் கீழே உள்ள வயதினருக்கும் அது கிடையாது. அந்த வயதில் முழங்கைக்கு வருவது பெரும்பாலும் தானாக விழும் அடியும், சுவர்ப் பலகையில் மோதும் அடியும், தவறி வரும் ஸ்டிக்கும்தான். அதற்கு நல்ல மூடியும் கையோடு ஒட்டிய பொருத்தமும் உள்ள நடுத்தர பேட் போதும். பதின்மூன்று வயதுக்குப் பிறகு, மோதல் அனுமதிக்கப்படும் போட்டி அணிகளில் சேரும்போது, மேற்கையையும் முன்கையையும் கூடுதலாக மூடும் பேடுக்கு மாறிக்கொள்ளலாம்.

வெளிப்புறம் முழுக்கக் கடினமாக இருப்பதும் ஒரு சிறப்பு அன்று. அரை அங்குலத் தடிமனுக்குக் குறையாத மென்மையான வெளி உறை இல்லாத எல்போ பேடை, ஆபத்தான சாமானாகவே என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) விதிகள் கருதுகின்றன. மூடப்படாத பிளாஸ்டிக் முழங்கை எதிராளியின் முகத்துக்கு என்ன செய்யும் என்பதை யோசித்தால் காரணம் புரியும்.

பெரியவர்கள் செய்வது இதற்கு நேரெதிரான தவறு. முப்பது வயதுக்கு மேல் ஸ்கேட்டிங் கற்று, இரவு பத்து மணி ஆட்டங்களில் சேரும் நண்பர்கள், தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர்களின் மெல்லிய பேடைத் தேடுகிறார்கள். அந்த வீரர்கள் உங்களைப்போல் அடிக்கடி விழுவதில்லை, விழுந்தாலும் எப்படி விழுவது என்று அவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு சீசனுக்குக் கொஞ்சம் பருமனான மூடியோடு ஆடுவதில் எந்த அவமானமும் இல்லை.

## பட்டையை இறுக்கிச் சமாளிப்பது

சைஸ் பெரிது என்று தெரிந்த பிறகு பட்டையை முறுக்கிக் கட்டினால், பேட் நழுவாது, கை மரத்துப்போகும். முதலில் கையை மடக்கி, முழங்கையைக் குழிவில் பதித்து, அதை நிலைநிறுத்தும் நடுப் பட்டையை ஒட்டுங்கள். அதன்பின் மேலும் கீழும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

## சைக்கிளுக்கு வாங்கியதையே போடுவது

வேண்டாம். மேற்கையும் முன்கையும் திறந்தே கிடக்கும்.

## முத்திரையைத் தேடுவது

கனடாவில் பிள்ளைகளின் ஹெல்மெட்டிலும் முகக் கூண்டிலும் சிஎஸ்ஏ முத்திரையும், கழுத்துக் காப்பில் பிஎன்கியூ முத்திரையும் (இரண்டும் தரச் சான்று அமைப்புகள்) இருந்தாக வேண்டும். எல்போ பேடுக்கு அப்படி ஒரு கட்டாயச் சான்று இல்லை. அட்டையில் எழுதியிருக்கும் பெரிய பெரிய தொழில்நுட்பப் பெயர்கள் விற்பவர் வைத்தவை. மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்நுரை அழுத்திவிட்டபின் மெல்ல எழும்புகிறதா என்று பாருங்கள், தையலை இழுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை இந்தச் சாமானில் விலைக்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

## பைக்குள்ளேயே விட்டுவிடுவது

வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துக் காயப் போடுங்கள். ஹீட்டர்மேல் போடாதீர்கள்.

## பழையது என்றால் மட்டம் என்று ஒதுக்குவது

இரண்டு சீசனுக்கு ஒரே பேட் வர வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இருப்பது செலவு பற்றிய கவலைதான். ஸ்கேட், ஹெல்மெட், ஐஸ் கட்டணம் என்று கூட்டிப் பார்க்கிற யாருக்கும் அந்தக் கவலை வரும். அதற்கு வழி, சரியான சைஸில் பழையதை வாங்குவது. பிள்ளைகளின் கை சீக்கிரம் நீண்டுவிடுவதால், ஒரே சீசன் உழைத்து நல்ல நிலையில் உள்ள ஜோடிகள் பழைய சாமான் கடைகளிலும், அணிகள் நடத்தும் மாற்று விற்பனைகளிலும் எளிதில் கிடைக்கின்றன. ஹெல்மெட்டைப் பழையதாக வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது வாங்கிய அடி வெளியே தெரியாது. எல்போ பேடின் கோளாறுகள் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை. மூடியை வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். குழிவுக்குள் விரலை விட்டு, நுரை அப்பளமாக அமுங்கிக் கிடக்கிறதா என்று தடவுங்கள். பட்டையின் இழுவை நார் தளர்ந்து அலை அலையாக நின்றால் எடுக்காதீர்கள். வெல்க்ரோ ஒட்டவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் தாராளமாக வாங்கலாம். பெரும்பாலும் கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய பல் துலக்கியாலோ நெருக்கமான சீப்பாலோ வாரி எடுத்தால் மறுபடி பிடிக்கும்.