கார்ட்ரிட்ஜும் டோன்ஆர்மும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைத்தட்டுக் கருவியில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி கார்ட்ரிட்ஜ்; அதைத் தட்டின் மேல் ஏந்திச் செல்லும் கை டோன்ஆர்ம்; அந்தக் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் பொருந்தும் பகுதி ஹெட்ஷெல். சென்ற மாதம் திருப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பி, தன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து எத்தனை ஹெர்ட்ஸில் தாமாக அதிரும் என்று கைப்பேசியில் போட்ட கணக்கைக் காட்டி, “அண்ணா, பதினஞ்சு ஹெர்ட்ஸ் வருதுங்க. ஹெட்ஷெல் மேல பித்தளை வெச்சு எடையக் கூட்டிரலாமுங்களா?” என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே கார்ட்ரிட்ஜ், ஏறக்குறைய அதே எண். ஊசியில் தூசி சேர விடுவது, ஒயரை மாற்றிச் செருகுவது போன்றவற்றை எவரும் ஒருமுறை செய்துவிட்டுத் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெகிழ்வு எண்ணை அப்படியே கணக்கில் போடுவது

ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வும், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த நிறையும் கூடி, சுருள்வில்லில் தொங்கும் எடைக்கல்லைப் போலத் தமக்கென ஓர் ஒத்ததிர்வெண்ணைக் கொண்டிருக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது; அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவுகள் ஆர்மை ஆட்டத் தொடங்கும், மிகவும் மேலே ஏறினால் பாட்டின் தாழ்ந்த ஒலிகளை நெருங்கிவிடும். கணக்கு எளிது. மொத்த நிறையைக் கிராமில் எடுத்து, தயாரிப்பாளர் கார்ட்ரிட்ஜின் விவரத் தாளில் தரும் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது டெனான் டிஎல்-103. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் தேவைக்காக 1960-களில் உருவான கார்ட்ரிட்ஜ் அது. எடை 8.5 கிராம், தாளில் போட்டிருக்கும் நெகிழ்வு 5. என் ஆர்மின் பயனுறு நிறை, அதாவது ஊசி முனையில் உணரப்படும் நிறை, 12 கிராம். திருகுகளுக்கு அரை கிராம் சேர்த்து 21 கிராம் என்று வைத்துப் பார்த்தபோது விடை 15.5 ஹெர்ட்ஸ். அதை 10-க்கு இறக்க மொத்த நிறை 50 கிராமாக வேண்டும் என்றது கணக்கு. நானும் அதை நம்பி, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் காத்துக்கிடந்து, ஹெட்ஷெல்லுக்கு 29 கிராமில் பித்தளைத் தகடும், அதைச் சமன் செய்ய ஆர்மின் பின்புறத்துக்குப் பெரிய எதிரெடையும் கடைந்து வாங்கினேன். நாள் முழுவதும் பம்புசெட் ஷாஃப்ட் கடைபவர்களுக்கு அது விளையாட்டு வேலை, “இது எந்த மோட்டாருக்குங்க?” என்று மட்டும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, கோயில் நோம்பிகளுக்கு மைக் செட் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கிய பழைய எல்பி இசைத்தட்டைச் சுழல விட்டேன். தகரக் கொட்டகையில் பல சித்திரை வெயிலைக் கண்டு நெளிந்துபோன தட்டு அது. அதற்கு முந்தைய வாரம் வரை ஒழுங்காகப் பாடிய அந்தத் தட்டில், அன்று ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னுமாகத் துடித்தது. ஊசி இரண்டு இடங்களில் தாவியது.

பெருக்கியதிலும் வகுத்ததிலும் பிழையில்லை, எடுத்துக்கொண்ட எண்ணில்தான் பிழை. டெனான் தரும் அந்த 5, 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ரப்பர் வேகமாக அதிரும்போது விறைப்பாகவும், மெதுவாக அசையும்போது இளக்கமாகவும் நடந்துகொள்ளும். ஒத்ததிர்வு நிகழ்வதோ 10 ஹெர்ட்ஸ் அருகில். ஆகவே ஜப்பானிய நிறுவனங்கள் தரும் 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக் கொள்வது வழக்கம். 10 என்று வைத்துப் பார்த்தால், தகடு வைப்பதற்கு முன்பே எனக்கு 11 ஹெர்ட்ஸ் கிடைத்திருந்தது. வைத்த பின் 7. நன்றாக இருந்ததைக் காசு கொடுத்துக் கெடுத்திருக்கிறேன். “100 ஹெர்ட்ஸ்” என்ற குறிப்பு அந்தத் தாளிலேயே, 5-க்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது என்பதுதான் இன்றைக்கும் ஆறாத எரிச்சல். எண்களை மட்டும் பெயர்த்தெடுத்து அட்டவணை போடுகிறவர்கள் அந்தக் குறிப்பை உதிர்த்துவிடுவதால், தாளையே பார்க்காமல் கணக்குப் போடும் இளைஞர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் எண் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸுக்கே உரியது. அதையும் பழக்கத்தில் இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பக்கம் விழ வேண்டியிருக்கும். அந்தத் தகடு இப்போது, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது, என் மேசைக் காகிதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஊசியின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பது

தட்டு தேயாது என்று எண்ணிச் செய்கிறார்கள். அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதி மோதித்தான் ஓடும். டிஎல்-103-க்கு 2.5 கிராம்; அதில் 0.3 கூடலாம், குறையலாம். தராசின் மேற்பரப்பு தட்டின் உயரத்தில் இருக்கும்படி வைத்து அளக்க வேண்டும்.

இரும்புத் திருகு

டிஎல்-103 போன்ற கார்ட்ரிட்ஜின் காந்தம் வலுவானது; இரும்பு எதுவானாலும் இழுக்கும். ஸ்குரூடிரைவர் முனையை அது இழுத்த இழுப்பில் ஊசி போனதைப் பார்த்திருக்கிறேன். பித்தளை அல்லது அலுமினியத் திருகு போதும்.

78 சுழற்சித் தட்டுக்கு எல்பி ஊசி

கூடாது. முனையின் அளவே வேறு.

பழைய கார்ட்ரிட்ஜைத் தாளில் உள்ள எண்ணால் மதிப்பிடுவது

பல்லாண்டு பெட்டிக்குள் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும். இளக்கத்துக்குப் பெயர்பெற்ற கார்ட்ரிட்ஜ்கூட அதன் தாளில் உள்ளபடி நடக்காது. அப்போது கணக்கைவிடச் சோதனைத் தட்டே உதவும். அதில் பதிந்திருக்கும் தாழ்ந்த ஒலிகள் ஒவ்வொன்றாக வர வர, எந்த எண்ணில் கார்ட்ரிட்ஜ் கண்ணுக்குத் தெரியும்படி நடுங்குகிறதோ, அதுவே அந்த ஆர்மில் அதன் ஒத்ததிர்வெண்.