விளையாட்டு ஒன்று, எண்கள் வேறு: ஆரம்பக் கணித வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்பொன்றில், விரல்விட்டு எண்ணும் பிள்ளையும் மூவிலக்கக் கழித்தலை மனத்தால் செய்யும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். அதனால் மட்டத்துக்கு ஒரு விளையாட்டாகத் தயாரித்துவிடுகிறோம். விதிகளைச் சொல்லவே பாடவேளை முடிந்துவிடும். யார் எந்த மட்டம் என்பதையும் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

ஒரே விளையாட்டை வைத்து எண்களை மாற்றுங்கள். 0 முதல் 9 வரையான அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டங்களில் வைத்துப் பெரிய எண்ணை அமைக்க வேண்டும். வைத்ததை மாற்ற முடியாது. ஒரு சோடிக்கு 2 கட்டம், அடுத்ததற்கு 3, இன்னொன்றுக்கு 4. தடுமாறும் பிள்ளை தன் கட்டங்களுக்கான அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்த பிறகு வைக்கட்டும். முந்தி முடிப்பவர்களுக்கு "500க்கு மிகக் கிட்டிய எண்" என்று இலக்கை மாற்றினால் போதும்.

பாம்பும் ஏணியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதில் வரிசைகள் வளைந்து வளைந்து ஏறுவதால் 24க்கு நேர் கீழே 14 இராது, 17 இருக்கும். பத்துப் பத்தாகக் கூட்டப் பழக்க, ஒவ்வொரு வரிசையும் இடப்புறத்தில் தொடங்கும் நூறு கட்ட அட்டையே வேண்டும். இன்னொன்று: 4இல் நிற்கும் பிள்ளைக்கு 3 விழுந்தால், நிற்கும் கட்டத்தையே "ஒன்று" என எண்ணி 6இல் போய் நிற்கும். "ஐந்து, ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே காயை நகர்த்தச் செய்யுங்கள்.

இரண்டு தாயக்கட்டைகளை உருட்டி, விழும் கூட்டுத்தொகையைப் பலகையில் தேடி மூடும் விளையாட்டில், பலகையில் 1 எழுதாதீர்கள், அது ஒருபோதும் விழாது. 36 வாய்ப்புகளில் 7க்கு 6 உண்டு, 2க்கும் 12க்கும் ஒவ்வொன்றுதான்.

எண்ணைக் கூப்பிட்டு விளையாடும்போது அட்டையையும் காட்டுங்கள். தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. பிழை இடப்பெறுமானத்தில்தானா, பெயரிலா என்று அப்போதுதான் பிரித்தறியலாம்.

முதலில் கத்துபவருக்குப் புள்ளி கொடுத்தால் மெதுவாக யோசிப்பவர் வாய் திறக்கமாட்டார். வேலையை முடித்தவர்களுக்கு மட்டும் விளையாட்டு என்பது அதைவிடப் பெரிய அநியாயம்: பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது.

பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் கொப்பி திருத்த உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு 4 பிள்ளைகளிடம் "8உம் 5உம் எப்படி 13 ஆச்சு?" என்று கேட்டு, ஒன்றிலிருந்து எண்ணினாரா, 8இலிருந்து தொடர்ந்தாரா, 10 ஆக்கி 3 சேர்த்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரச் சோடிகளை அந்தக் குறிப்பைப் பார்த்து மாற்றுங்கள்.