பழைய வீட்டின் பாப்கார்ன் சீலிங்: சுரண்டுவதா, மூடுவதா?

கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள ஸ்கார்பரோவில் 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட வீடுகளை வாங்கும் நம்மவர்கள் பலர் முதலில் மாற்ற நினைப்பது, பொரிபொரியாகத் துருத்தி நிற்கும் பாப்கார்ன் சீலிங்கைத்தான். டிரைவால் எனும் ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளை மழமழப்பாகப் பூசி முடிக்கும் வேலையை மிச்சப்படுத்தவும் இந்தப் பொரிபோன்ற கலவையைப் பீய்ச்சியடித்தார்கள் என்பதால், அதைச் சுரண்டினால் அடியில் அழகான பரப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் படி, பரிசோதனை. 1990க்கு முன் கட்டிய வீடானால், இக்கலவையில் அஸ்பெஸ்டாஸ் (தூசியைச் சுவாசித்தால் புற்றுநோய் தரக்கூடிய கல்நார்) இல்லை என்று ஆய்வகம் சொல்லும்வரை சீலிங்கில் கைவைக்கக் கூடாது. பார்வையால் அதைக் கண்டறிய எவராலும் முடியாது. மாதிரி எடுப்பதற்கும் பயிற்சி பெற்றவரை அழைப்பதே என் பரிந்துரை. அறைக்கு அறை கலவை வேறுபடலாம் என்பதால் ஒரே மாதிரியோடு நிறுத்திவிடாமல், அடியில் பலகை இணைப்புகளில் பூசியிருக்கும் ஜாயின்ட் காம்பவுண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோ விதிப்படி எடையில் 0.5 சதவீதமோ அதற்கு மேலோ அஸ்பெஸ்டாஸ் இருந்தால், அது அஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளாகக் கருதப்படும்; அதை அகற்றும் வேலையை அதற்கென உள்ள நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். உதிராமல் உறுதியாக இருப்பின், தொடாமல் விட்டுவைப்பதும் முறையான தீர்வே. கீழே சொல்பவை அஸ்பெஸ்டாஸ் இல்லாத சீலிங்கிற்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, ஓர் ஓரத்தில் நீர் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் காத்திருங்கள். கலவை நீரை உறிஞ்சிக் குழைந்தால் சுரண்டலாம். நீர் முத்து முத்தாக நின்றால் மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதனுடன் மல்லுக்கட்டுவதைவிடப் புதிய டிரைவாலால் மூடிவிடுவதே மேல்.

சுரண்டுவதாயின், அறையைக் காலி செய்து, அந்த அறைக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைத்து, விளக்குகளைக் கழற்றி, தரையையும் சுவரையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். சிறு சிறு பகுதியாக நனைத்து, முனைகளை அரத்தால் மழுக்கிய அகலத் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் கலவை பட்டையாக விழும். அளவுக்கு மீறி நனைத்தால் டிரைவாலின் காகிதம் கிழிந்துவிடும். நன்கு காய்ந்தபின் ஜாயின்ட் காம்பவுண்டை மெல்லிய இரு பூச்சாகப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பளபளப்பில்லாத சீலிங் பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் பெயின்ட், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

மூடுவதாயின், மேலே உள்ள மரச்சட்டங்கள் செல்லும் திசையைக் கண்டறிந்து சுவரில் குறித்துக்கொண்டு, தொய்வடையாத அரை அங்குலச் சீலிங் டிரைவாலைச் சட்டங்களுக்குக் குறுக்காக வைத்து, சட்டத்துக்குள் நன்கு இறங்கும் திருகாணிகளால் முடுக்குங்கள். பலகையைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடிக்க முயலாமல், டிரைவால் தூக்கியை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பரப்பு கீழிறங்குவதால் விளக்குகளின் மின்பெட்டிகளுக்கு நீட்டிப்பு வளையம் தேவைப்படும். பெட்டியைப் பலகைக்குப் பின்னால் புதைத்துவிடுவது மின்விதிகளுக்குப் புறம்பானது.