மனநலமும் முதுமையும்: கிழக்கின் தொழில்வழிச் சிகிச்சையாளர் தொடர்கல்வியை அமைத்துக்கொள்ளும் விதம்

தொடர்கல்வியை எந்தப் பயிற்சிநெறியில் தொடங்கலாம் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாகக் கடமையேற்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் (நோயாளிகள் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்ய உதவுபவர்கள்) கேட்பதுண்டு. கடைசியாக எந்த நோயாளியின் முன் உங்களுக்குக் கை ஓடவில்லையோ, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது. சான்றிதழ்களை முதலில் சேர்த்துவிட்டு அவற்றுக்குப் பொருத்தமான நோயாளியைப் பின்னர் தேடுவதால், நமக்கும் பயனில்லை, அவர்களுக்கும் பயனில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கிளினிக் முடிந்த கையோடு அன்று விடை தெரியாமல் போன கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் கேள்விகள் தாமாகவே இரண்டு மூன்று கூட்டங்களாகத் திரண்டு நிற்பதைக் காண்பீர்கள்.

என் கொப்பியில் அப்படித் திரண்ட முதற் கேள்வி மதிப்பீடு பற்றியது. பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டியிடம் பென்சிலைக் கொடுத்து மணிக்கூட்டின் முகத்தை வரையச் சொன்னேன். அவர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு இது பழக்கமில்ல, மகள்” என்று மெதுவாக மேசையில் வைத்தார். அந்தத் தாளில் பூச்சியம் போட்டிருந்தால், அது அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி எதையும் சொல்லியிராது. அடுத்த கிழமை வெற்றிலை வட்டாவை முன்னால் வைத்தேன். வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, விரல் நுனியில் அளவாகச் சுண்ணாம்பு எடுத்துத் தடவி, பாக்குவெட்டியால் பாக்கைச் சீவி மடித்து முடிக்கும் வரை, வரிசை தவறுகிறதா, இரு கைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கின்றனவா, கூர்மையான கருவியிடம் எச்சரிக்கை இருக்கிறதா என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்தன. பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதால், மடிப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இத்தகைய அவதானிப்பு தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக்கு ஈடாகாது. அதை வேறாகவே பதிய வேண்டும். ஆகவே இத்துறையில் முதலில் கற்க வேண்டியது மதிப்பீட்டுக் கருவிகளின் எல்லைகளை என்று கருதுகிறேன். ஞாபகத்தையும் சிந்தனையையும் சோதிக்கும் மொன்ட்ரியல் அறிதிறன் மதிப்பீட்டில் 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டப்படுகிறது. ஆனால் எழுத்தறிவே இல்லாதவரிடம் அந்த ஒரு புள்ளி எதையும் சரிசெய்யாது என்பதனாலேயே, குறைந்த கல்வியுடையோருக்கென அதன் அடிப்படைப் பதிப்பு உருவானது. 1965இல் வெளியான பார்தெல் சுட்டி குளித்தல், உண்ணுதல், நடத்தல் போன்றவற்றை அளக்கிறது. 1969இல் வெளியான லோட்டன் அளவுகோல் சமையல், பணம், மருந்து ஆகியவற்றை எவ்வாறு கையாள்கிறார் என்று பார்க்கிறது. வாழ்நாளில் சமையலறைக்குள் போகாத ஓர் ஐயாவிடம் அதே சமையற் கேள்வியைக் கேட்டுவிட்டு, ‘இயலாமை’ என்று குறித்துவிடக் கூடாது.

வாசிப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய உளநல இடைவெளி நிரப்பும் செயற்றிட்டத்தின் வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முயலாமல், மறதிநோய், மனச்சோர்வு ஆகிய இரு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். முதுமையில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கக்கூடும். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனத் தடுமாறத் தொடங்கிய முதியவருக்கு மறதிநோய் என்று முடிவுகட்டாமல், கிருமித்தொற்று, நீரிழப்பு, குளிசைகளின் விளைவு போன்றவற்றைப் பார்ப்பதற்காக அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பது நம் துறையில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பராமரிப்பாளர்களுக்காக அதே நிறுவனம் உருவாக்கிய ‘ஐசப்போர்ட்’ பயிற்சியை முதலில் நீங்களே செய்து பார்த்தால், வீட்டாருக்கு எதை எந்த ஒழுங்கில் சொல்லலாம் என்பது பிடிபடும்.

ஆய்வுகளை வாசிக்கும்போது முடிவுரையைவிட செய்முறைப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், மறதிநோயுள்ள 135 பேரையும் அவர்களைப் பராமரிப்போரையும் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகளாக வீட்டிலேயே தொழில்வழிச் சிகிச்சை வழங்கிப் பார்த்தார்கள்; அக்குழுவில் நோயாளியின் அன்றாடச் செயற்பாடும் பராமரிப்பவரின் தன்னம்பிக்கையும் உயர்ந்தன. வாகரையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஒரு வீட்டுக்குப் பத்துத் தடவை போக நம்மால் இயலாமலிருக்கலாம். அப்போது அந்தப் பத்து அமர்வுகளில் எது பராமரிப்பவரிடம் ஒப்படைக்கக்கூடியது, எதற்கு நாமே நேரில் நிற்க வேண்டும் என்று பிரித்து எழுதுவதுதான் உண்மையான கற்றல்.

மறதிநோயுள்ளவர்களின் ஞாபகத்தையும் சிந்தனையையும் குழுச் செயற்பாடுகளால் தூண்டும் அறிதிறன் தூண்டல் சிகிச்சை வாரத்துக்கு இரண்டு வீதம், ஏழு வாரங்களில் பதினான்கு குழு அமர்வுகளாக வடிவமைக்கப்பட்டது. சென்னையில் அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள் என்றாலும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி, வடமோடிக் கூத்து, பன்பாய் இழைத்தல், வலை முடிதல், காத்தான்குடியின் நோன்புக் கஞ்சி, மருதமுனைத் தறி ஆகியவையே இங்குள்ள முதியவர்களின் நாவையும் கையையும் அசைப்பவை. தன் மகளின் பெயரை மறந்த ஒருவர் பன் கற்றையைக் கையில் எடுத்ததும் தடுமாற்றமின்றி ஓரம் மடக்கி இழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கைப்பழக்கத்தின் ஞாபகம், பெயர்களின் ஞாபகத்தைக் காட்டிலும் நீண்டகாலம் நிலைக்கிறது.

ஆனால் பழைய நினைவுகளைக் கிளறும் அமர்வுகளுக்குத் தனிப்பயிற்சி இல்லாமல் இறங்க வேண்டாம். யுத்தமும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடலும் இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோயின. ‘பிள்ளைகள்’ என்ற சாதாரணத் தலைப்பு ஒருவருக்குக் கல்லடியில் அன்று காலை கைநழுவிப்போன பிள்ளையாக இருக்கக்கூடும். கதையை எங்கே நிறுத்துவது, அழுகைக்கு எவ்வளவு நேரம் விடுவது, அமர்வு முடிந்தபின் அவரோடு யார் இருப்பது, எந்நிலையில் மனநல வைத்தியரிடம் அனுப்புவது என்பவற்றை அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்திலிருந்து சில அமர்வுகளைப் பார்த்தே கற்க வேண்டும். இணையவழிப் பாடத்தால் மட்டும் இது வராது.

கற்றதைப் பதிவதற்கு நான்கு வரிகள் போதும்: என்ன கேள்வி, எதைப் படித்தேன், யாரிடம் என்ன மாற்றிச் செய்தேன், என்ன நடந்தது. பிரித்தானியாவில் சிகிச்சையாளரின் தொழிற்பதிவை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது, நூற்றுக்கு இரண்டரைப் பேரிடம் இத்தகைய பதிவேட்டைக் கேட்டுப் பரிசோதிக்கிறார்கள். நம்மிடம் யாரும் கேட்காவிட்டாலும், கடமை விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பயிற்சி எந்த நோயாளிகளுக்காக என்று காட்ட அந்தப் பக்கங்களே உதவும். கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை, மட்டக்களப்பு எனப் பல இடங்களில் தனித்தனியாக வேலை செய்பவர்கள் மாதம் ஒருமுறை ஒன்றுகூடி, ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பெயர், ஊர், படம் எதுவும் வட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. சிறிய ஊர்களில் தொழிலையும் வயதையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆதலால் அவற்றையும் மாற்றிச் சொல்லுங்கள்.