காரைக்குடி வீட்டில் முதல் வினைல் ரெக்கார்டு: வாங்குவதிலிருந்து முள் வைப்பது வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினால், எனாமல் தூக்குகளுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே ரெக்கார்டு அடுக்கு ஒன்று கண்ணில் படும். அதைத் திருப்பிப் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, "இதைக் கேட்க ஆரம்பிக்கணும்னா முதல்ல எதை வாங்கணும்?" என்பதுதான். இன்று பாடிக்கொண்டிருக்கும் ஒரு சுயாதீனக் கலைஞரின் புதுத் தட்டை வாங்குங்கள் என்பேன். புதுத் தட்டில் பழைய கீறல் இருக்காது, இரைச்சல் கேட்டால் முதலில் பிளேயரைச் சந்தேகிக்கலாம், கற்றுக்கொள்ள அது வசதி. அதைவிட முக்கியம், இவர்கள் 300, 500 என்று குறைவாகத்தான் தட்டு அடிப்பார்கள். நாம் வாங்கும் ஒன்று அவர்கள் அடுத்த ஆல்பத்துக்கு உண்மையாகவே உதவும்.

நம் ஊருக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர். சினிமா எடுப்பதற்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து கிராமபோன் தட்டு விற்றவர். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: தட்டு எந்த வகை என்று பாருங்கள்

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் 33, 45, 78 என்ற எண்கள். 33⅓ சுற்றும் பெரிய தட்டு 1948-ல் வந்த எல்.பி., ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். 45 அதற்கு அடுத்த வருடம் வந்தது. இரண்டும் வினைல் என்ற பிளாஸ்டிக். பழைய 78 பெரும்பாலும் அரக்கு, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும்.

இந்த வித்தியாசத்தை நான் வலியோடுதான் கற்றுக்கொண்டேன். அப்பத்தா பெட்டியில் இருந்த 78 ஒன்றை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கரைந்து வந்தது அரக்கு. அந்த இடத்தில் பளபளப்பு போய்விட்டது, இன்றைக்கும் முள் அங்கே வந்தால் இரைச்சல்தான். 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. எல்.பி. முள்ளையும் அதில் வைக்காதீர்கள். 78-ன் தடம் (முள் ஓடும் பள்ளம்) எல்.பி.யைவிடச் சுமார் மூன்று மடங்கு அகலம், அதற்கென்று தனி முள் உண்டு.

படி 2: பிளேயர்

சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப்போகும் மலிவு பிளேயர்கள் வேண்டாம். அவற்றின் முள் பெரும்பாலும் 5 கிராம் வரை தட்டை அழுத்தும், எடையைக் குறைக்கவும் வழியிருக்காது. எதையும் சரிசெய்யத் தெரியாது, பட்டனைத் தட்டினால் பாட வேண்டும் என்பவர்களுக்கு ஆடியோ டெக்னிக்காவின் எல்.பி.60எக்ஸ் போதும். 78-ம் கேட்க வேண்டும் என்றால் எல்.பி.120எக்ஸ் பாருங்கள், மூன்று வேகமும் உண்டு. முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது, சொந்த ஆம்ப் உள்ள (பவர்டு) ஸ்பீக்கரை நேராகச் சொருகலாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய பிளேயரா? மோட்டார் எந்த வகை என்று பாருங்கள். சில பெல்ட் பிளேயர்களின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பார்த்தே சுற்றும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகச் சுற்றும், சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும்.

படி 3: வீட்டில் இடம்

செட்டிநாட்டு வீடு இதற்கு நல்ல வீடு. தடித்த சுவர், கனமான தரை. நடந்தால் மரப்பலகைத் தரை மாதிரி அதிராது. ஆனால் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) வைக்காதீர்கள். முற்றத்து வெயில் நகர்ந்து நகர்ந்து எப்படியும் தட்டின் மேல் வந்து விழும், வினைல் சூட்டில் வளைந்துவிடும். உள்ளறைதான் சரி. ஆத்தங்குடிக் கல்லில் சத்தம் எதிரொலிக்கும், ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம் விரித்தால் பாடகர் குரல் தெளிந்து வரும். ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். பிளேயர் சாயாமல் நிற்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: முள்ளின் எடை

மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், இது சரியாக இருக்க வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் உட்காருங்கள். (எல்.பி.60எக்ஸ் வாங்கியவர்கள் இதைத் தாண்டலாம், அதில் கம்பெனியே பூட்டித் தருகிறது.)

ஆன்டி-ஸ்கேட் குமிழை (முள் உள்பக்கம் இழுபடாமல் தடுப்பது) 0-வில் வையுங்கள். முள்ளின் மூடியைக் கழற்றி, முள் பொருத்திய பிளேயரின் கையைத் தாங்கியிலிருந்து எடுத்து, தட்டு இல்லாத பக்கமாகப் பிடியுங்கள். பின்னால் உள்ள எடையை மெதுவாகத் திருகுங்கள். முன்பக்கம் தொங்கும், அப்புறம் பின்பக்கம் சாயும், நடுவில் ஓர் இடத்தில் கை எந்தப் பக்கமும் போகாமல் அந்தரத்தில் மிதக்கும். தராசு முள் நடுவில் நிற்பது போல. அங்கே நிறுத்தி, கையைத் தாங்கியில் பூட்டுங்கள். இப்போது எடையைப் பிடித்துக்கொண்டு, எண் போட்ட வளையத்தை மட்டும் திருப்பி 0-வுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்து முன்பக்கமாகத் திருகுங்கள். எல்.பி.120எக்ஸுடன் வரும் விஎம்95இ முள்ளுக்கு 2 கிராம். வேறு முள் என்றால் அதன் பெட்டியில் போட்டிருக்கும். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். முள் தடத்தில் உட்காராமல் துள்ளும், துள்ளும் முள்தான் தடத்தின் சுவரை அதிகம் கீறும்.

படி 5: எதை வாங்குவது

பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞர்களே தட்டு விற்கிறார்கள். ஜாஸ், ராப், நாட்டுப்புறம், எலக்ட்ரானிக் என்று எல்லா வகையும் உண்டு. முழுப் பாட்டையும் அங்கேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். தமிழில் தொடங்க ஆசை என்றால், தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் 2024 ஆல்பமான 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' வினைலிலும் வந்தது. முன்பதிவு என்று போட்டிருந்தால் தட்டு வர மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒற்றைத் தட்டுக்குத் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் தட்டின் விலையைத் தொட்டுவிடும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைக்கிறோம்.

மறுபதிப்பிலும் அருமையானவை இருக்கின்றன. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் சின்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் பாம்பே கனெக்ஷன் என்ற சிறிய லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) அதை மறுபடி வெளியிட்டது. அதன்பிறகு அவர் ஐரோப்பிய மேடைகளில் அதையே வாசித்தார். 2015-ல் காலமானார். கைதட்டலைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆகவே மறுபதிப்பு வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். யாரிடம் உரிமை வாங்கினார்கள், எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்று நல்ல லேபிள் எழுதியிருக்கும். எதுவுமே எழுதாத தட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். அது திருட்டுப் பதிப்பாக இருந்தால் கலைஞருக்கு ஒரு பைசா போகாது.

பழைய வினைல் வாங்குவதானால், கடைக்காரரிடம் "அண்ணே, வெளிச்சத்துல ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று சொல்லித் தெருவுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்குத் தட்டாத கீறல் பெரும்பாலும் மெல்லிய இரைச்சலோடு போய்விடும். நகத்தில் தட்டும் கீறலில் முள் தாவும்.

படி 6: துடைத்து, கேட்டு, எடுத்து வைப்பது

விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொடுங்கள். ஒவ்வொரு தடவையும் கார்பன் இழை பிரஷ்ஷைச் சுற்றும் தட்டில் லேசாக வைத்து எடுத்தால் தூசி வந்துவிடும். பழைய வினைலைக் கழுவ டிஸ்டில்டு வாட்டர் வேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு தடத்தில் படிந்துவிடும். பேட்டரி கடையில் கிடைக்கிறது, ஆசிட் கலக்காததா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். மெல்லிய துணியால் தடம் போகும் வட்டத்திலேயே துடையுங்கள். தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது பாழ்.

முள் தேயும், அது கண்ணுக்குத் தெரியாது. விஎம்95இ சுமார் 300 மணி நேரம் வரும், 40 நிமிட எல்.பி. என்றால் 450 தட்டு. என் பிளேயருக்கு மேலே தினசரி காலண்டர் அட்டை தொங்குகிறது. இரண்டு பக்கமும் கேட்டு முடித்ததும் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். இன்று காலையோடு 212.