பின்கட்டுத் தோட்டம்: முதலில் வாட்டம், பிறகுதான் ஊஞ்சல்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய், 20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள ஒரு வெற்றிடத்தில் முடிகிறது. அங்கே ஒரு வேப்பமரமும் துவைகல்லும் பயன்படாத ஆட்டுக்கல்லும் இருந்தன. விசேஷத்துக்கு அடுப்பு மூட்டுவதைத் தவிர வேறெதற்கும் யாரும் அங்கே போனதில்லை. சென்ற கோடையில் அதை அப்பத்தா முதல் குழந்தைகள் வரை மாலையில் உட்காரும் இடமாக மாற்றினேன். பிறகு ஐப்பசி மழை பெய்ததும், பாதி வேலையைப் பெயர்த்தெடுத்து மீண்டும் செய்தேன். முதல் முறையாகச் செய்கிறவர்கள் அந்த இரண்டாம் செலவைத் தவிர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எங்கே உட்காருவது என்று முடிவு செய்வது. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது; ஆகவே பின்புறம் மேற்கு. காலையில் வீட்டு நிழல் அங்கே விழும். ஆனால், காற்று வாங்க உட்காரும் 5 மணிக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஒரு வாரம் தினமும் அந்த நேரத்தில் வேம்பின் நிழல் எதுவரை வருகிறதென்று பார்த்து, ஓரங்களில் கல் வையுங்கள். கோடையில் சூரியன் சற்று வடக்கே தள்ளியும் மார்கழியில் தெற்கே தள்ளியும் மறையும் என்பதால், நிழலும் இடம் மாறும். ஆகவே திண்ணையைக் கட்டிவிடாமல், நகர்த்தக்கூடிய பெஞ்சாகப் போடுவதே நல்லது.

இரண்டாவது, தரையின் வாட்டம், அதாவது சரிவு. நான் தவறிய இடம் இதுதான். மழைநீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும். அதற்கு 4 அடிக்கு 1 அங்குலம் தாழ்வு தேவை. 16 அடிக்கு 2 அங்குலமே போதும் என்று நான் சிக்கனம் பார்த்தேன். போதாக்குறைக்கு, மட்டம் பார்க்க நீர் நிரப்பிப் பிடித்த டியூபுக்குள் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த 2 அங்குலத்தையும் குமிழி விழுங்கி, வாட்டத்தை வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டதால், முதல் பெருமழையிலேயே அடுப்படி வாசற்படிக்குத் தண்ணீர் வந்து நின்றது.

சரியான முறை இது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டியூபின் ஒரு முனையை வாளி நீரில் அமிழ்த்தி, மறுமுனையை உறிஞ்சிவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை நீரை ஓட விடுங்கள். வாளியில் இரண்டு சொட்டு நீலம் கலந்தால் நீர்மட்டம் தெளிவாகத் தெரியும். அளக்கும் முன், இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, அடைத்த கட்டைவிரல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரு நீர்மட்டங்களும் ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே குமிழி இருக்கிறது. நின்றால், ஒரு முனையை வாசற்படி அருகிலும் மறுமுனையை 16 அடி தள்ளி நட்ட குச்சியிலும் பிடித்து, நீர் நிற்கும் உயரத்தைக் குறியுங்கள். வாசற்படிக் குறியிலிருந்து தரை 3 அடி கீழே என்றால், குச்சியில் அது 3 அடி 4 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ரசமட்டத்தை (கொத்தனார் வைத்துப் பார்க்கும் குமிழிமட்டம்) பலகைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் ஒவ்வொரு நகர்த்தலிலும் பிழை சேரும். இவ்வளவு நீளத்துக்கு டியூபையே நான் நம்புவேன்.

ஓடிவரும் நீர் மண்ணுக்குள் இறங்க, தாழ்ந்த மூலையில், சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, 3 அடி சதுரத்தில் 4 அடி ஆழக் குழி வெட்டி, செங்கல் துண்டும் ஜல்லியும் நிரப்பி, மேலே மணல் போடுங்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் (எங்கள் பக்கத்துக் கைவார்ப்புத் தரை ஓடு) வேண்டாம். வீட்டில் மீந்த கற்களைப் போட எனக்கும் ஆசை இருந்தது. ஆனால், கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் வழவழப்பானது, ஈரத்தில் வழுக்கும். அது வளவுக்கு அழகு. மழை படும் இடத்துக்கு ஆகாது. கிராவலைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பின், வாசற்படியிலிருந்து பெஞ்சுவரை மட்டும் கொத்திய கருங்கல் பலகைகளைப் பதியுங்கள். பலகை ஆடினால் முதியவர்கள் தடுக்கி விழுவார்கள்; ஒவ்வொன்றின் மூலையிலும் ஏறி நின்று பாருங்கள்.

ஊஞ்சலை வேம்பின் தடித்த கிளையில் கட்டலாம். முருங்கைக் கிளை சட்டென முறியும். கயிறு கிளையை அறுக்காதபடி பழைய சாக்கைச் சுற்றி, பலகைக்குக் கீழே மணல் பரப்பினால் போதும். துவைகல் தண்ணீர் போகும் வழியில் வாழையும், வேலியோரம் நந்தியாவட்டையும் வைத்தேன். செடி வைப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: படித்தவர்களில் சிலர், எல்லாம் செய்தும் கொசுத் தொல்லையால் உட்கார முடியவில்லை என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி, அழகுக்காக வைத்திருந்த ஆட்டுக்கல்தான். குழவியைத் தூக்கிப் பார்த்தபோது, குழியில் ஒரு சொம்பு மழைநீரும் அதில் நெளியும் புழுக்களும் இருந்தன. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குழியைத் துடைத்துவிட்டு, மணல் நிரப்பிய தகரத் தட்டால் மூடி வைக்கிறோம்.