வாடிய போன்சாயை எழுப்பப் போய்க் கொன்றுவிடாதீர்கள்

பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்தபோது மொட்டை மாடியில் விட்டுப்போன போன்சாய் அது, தொட்டியில் குட்டையாக வளர்த்த மரம். 3 மாதம் வெயிலில் கிடந்து, ஏழெட்டு இலையோடு என்னிடம் வந்தது. அத்தனை நாள் தாக்குப்பிடித்த மரம் என் கையில் 15 நாளில் செத்தது. கொண்டுவந்த அன்றே தொட்டி மாற்றி, வேரை அலசி, கிளையை நறுக்கி, அரை ஸ்பூன் டிஏபி உரமும் போட்டால் வேறென்ன ஆகும்?

அது என்ன மரம் என்றுகூட நான் பார்க்கவில்லை. போன்சாய் என்பது வளர்க்கும் முறை, மரத்தின் பெயர் இல்லை. முதலில் ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் பெரும்பாலும் ஃபைக்கஸ். ஆல், அரசு, அத்திக்குச் சொந்தம். நர்சரிகளில் அதிகம் விற்பதும் இதுதான். அடிப்பக்கம் கிழங்கு மாதிரி உப்பியிருந்தால் 'ஜின்செங்' வகை. அந்த உப்பல் உண்மையில் வேர். இலையும் தண்டும் சதைப்பற்றாக இருந்தால் ஜேடு. கரும்பச்சைச் சிற்றிலையின் மேல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கார்மோனா. செதில் போலவோ ஊசி போலவோ இலை இருந்தால் ஜூனிபராக இருக்கலாம்.

மரம் தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும். ஃபைக்கஸ் மொட்டைக் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ஜூனிபரில் பச்சை போன கிளை போனதுதான். அதைவிட மோசம், ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் இலையில் பச்சை காட்டி ஏமாற்றும். குளிர்காலம் கேட்கும் மரம் அது. சென்னை வெக்கையில் அதற்காக ரொம்பவும் மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, நுனிக் குச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்து பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். ஈரப் பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. நுனி பழுப்பாக இருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், தண்டின் அடிவரை பழுப்பு என்றால்தான் கதை முடிந்தது. தினமும் சுரண்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. புண்ணோடு புண்தான் மிஞ்சும்.

அடுத்து தண்ணீர். காய்ந்து இறுகிய மண்ணில் மேலாக ஊற்றினால் ஓரமாக ஓடி அடித்துளை வழியே வெளியேறிவிடும். வேர்க்கட்டியின் நடுப்பகுதி வறண்டே கிடக்கும். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, ஒரு 10 நிமிடம், ஊறவிடுங்கள். மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் முதலில் பெயர்த்து எடுங்கள். ஊறவிடுவது ஒருமுறைதான். அதன்பிறகு விரலை ஒரு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காயத் தொடங்கினால் ஊற்றினால் போதும். இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். 'பாவம், இத்தனை நாள் காய்ந்ததே' என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகும். ஜேடு என்றால் மண் நன்றாகவே காயட்டும்.

உரம் வேண்டவே வேண்டாம். நொந்த வேருக்கு உப்பு ஏறினால் இருக்கிற ஈரமும் போய்விடும். இலையையும் வெட்டாதீர்கள், மரத்துக்குச் சமையலறை அதுதான். காய்ந்த குச்சியை மட்டும் எடுக்கலாம். கிளையை வளைக்கச் சுற்றி, பட்டைக்குள் பதிந்துபோன பழைய கம்பியைச் சுற்றிப் பிரிக்காமல், கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். பிரித்தால் பட்டையும் கூடவே வரும்.

தொட்டியையும் இப்போது மாற்றக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மண்ணில் புளித்த நாற்றம் அடித்து, வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் காத்திருக்கக் கூடாது. அழுகியதை வெட்டிவிட்டு, தூசி சலித்த செங்கல் பொடிக்கல்லும் மணலும் கலந்து நடுங்கள். மற்றபடி மரம் தெம்பாகும்வரை வேரைத் தொடாதீர்கள், கத்திரி வெயிலில் நிச்சயம் கூடாது. அதுவரை காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைப்பதும் தவறு, திடீரென்று உச்சி வெயிலில் வைப்பதும் தவறு.

ஃபைக்கஸ் துளிர்க்கச் சில வாரம் ஆகும். முதல் துளிர் வந்ததுமே கிள்ளி வடிவம் கொண்டுவரக் கை பரபரக்கும். ஆறேழு இலை விடும்வரை கத்தரிக்கோலை அலமாரியிலேயே வைத்திருங்கள்.